அழகாக மலர்ந்த குண்டு

பாய்ட் ஸ்டராக் எங்கள் அலுவலகக் கதவைத் தட்டாமல் திறந்தபோது, ஹெஸ்டர் கில்ஃபெடர் ஹீட்டரின் மேல் காயப் போட்ட தன் காலுறைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதக் குளிர்; பூமியின் தென்பாதியில் அதுதான் நடுக்குளிர்காலம். எங்கள் ஊரான டார்வியில் அன்று காலை குழாய்த் தண்ணீரே உறைந்து போயிருந்தது. ஸ்டராக் காலுறைகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இரண்டில் எதைப் பார்த்து அதிகமாக முகம் சுளித்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

"வெளிய துப்பறியும் நிறுவனம்னு போர்டு போட்டிருக்கு," என்றார்.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றேன் நான். "போன வாரம்கூட காணாமப் போன ஒரு செம்மறிக் கடாவைக் கண்டுபிடிச்சோம். பக்கத்துப் பண்ணைப் பெட்டை ஆடுங்க நடுவுல சந்தோஷமா இருந்துச்சு. வீட்டுக்கு வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"டிப்பெனே, அவருக்கு டீ போடு," என்றார் ஹெஸ்டர். வாயை மூடு என்பதை அவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார்.

ஹெஸ்டர் கால்நடைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், செத்த மாட்டை இரண்டு தடவை சாகடித்துப் பணம் கேட்கும் பண்ணைக்காரர்களைப் பிடித்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நமைச்சல் அடங்காமல் இந்தக் கடையைத் திறந்தார். நான் அவருடைய உதவியாளன், ஓட்டுநர், டீ மாஸ்டர். வேட்டைக்காரர்களால் நிறைந்த இந்த ஊரில் மாமிசம் தொடாத ஒரே ஆள் ஹெஸ்டர்தான். அதனால் ஊரே அவரைக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கும்.

ஸ்டராக் ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் ஒரு தாமிரக் குண்டு. சுடப்பட்ட குண்டு. அதன் மூக்கு நான்காகப் பிளந்து, நான்கு இதழ்களும் அடி வரைக்கும் அழகாகச் சுருண்டு மடங்கியிருந்தன.

"போன வாரம் ஹேவ்லி பள்ளத்தாக்குல கல்லம் ராத்போன் ஒரு வரையாட்டுக் கடாவை அடிச்சார். தூரம் அறுநூத்தி நாப்பது மீட்டர். அந்தக் கடா உடம்புலேர்ந்து எடுத்த குண்டு இது. இன்னைக்குச் சாயங்காலம் எங்க வேட்டைச் சங்கத்து விருந்து. நெடுந்தூரக் கோப்பை அவருக்குப் போகப் போகுது. நான் தலைவர், என் கையாலயே கொடுக்கணும்."

"வாழ்த்துச் சொல்லிட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?" என்றார் ஹெஸ்டர்.

"கல்லமுக்கு எண்பது வயசு ஆகப்போகுது. கப்பைத் தூக்கினா பாதி டீ சாஸர்ல இருக்கும். அந்தக் கையால அறுநூத்தி நாப்பது மீட்டரா?"

"சாஸரைக் குறி வச்சுத்தான் ஊத்தறாரோ என்னவோ," என்றேன்.

ஸ்டராக் சிரிக்கவில்லை. "அவரைக் கூட்டிட்டுப் போன வழிகாட்டி ரிப்பெக்கா. தூரம் எவ்வளவுன்னு சொல்றதும் அவதான், குண்டை எடுத்துக் கொடுக்கறதும் அவதான். கோப்பை ஆரம்பிச்ச வருஷம் நான் ஜெயிச்சேன். அதுக்கப்புறம் ஜெயிச்சவங்க எல்லாரும் அவளோட போனவங்க. இதுல ஏமாத்து இருந்தா எனக்குத் தெரியணும். இருக்குன்னு தெரிஞ்சா, விருந்து முடியறதுக்குள்ள சங்கத்து வழிகாட்டிங்கற அனுமதியை அவகிட்டேர்ந்து எடுத்துடுவேன். அப்புறம் இந்தப் பக்கத்துல ஒரு பண்ணைக்காரனும் அவளுக்குக் கேட்டைத் திறக்க மாட்டான்."

ரிப்பெக்கா எனக்குத் தூரத்துத் தங்கை முறை. மலை ஏறுவதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்ப மாட்டாள். அதை நான் ஸ்டராக்கிடம் சொல்லவில்லை. ஹெஸ்டருக்குத் தெரியும், அவரும் சொல்லவில்லை.

"கண்டுபிடிக்கறேன். ஆனா கண்டுபிடிச்சதை முழுசாத்தான் சொல்வேன். உங்களுக்குப் பிடிச்ச வரைக்கும் சொல்லிட்டு நிறுத்தறது என் பழக்கமில்ல."

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு, டீயைத் தொடாமலே ஸ்டராக் போனார். நல்ல டீ, நானே குடித்தேன்.

*

ஃபெர்கஸ் டூமியின் துப்பாக்கிக் கடையில் தோட்டா வாங்கப் போனால், பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார வைப்பது போல உட்கார வைத்துவிடுவார். என்ன மிருகம், எந்தச் சரிவு, எவ்வளவு தூரம், உன் தோள் எவ்வளவு உதை தாங்கும் என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் பெட்டி வெளியே வரும்.

ஹெஸ்டர் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். "மாமிசம் சாப்பிடாதவளுக்குப் புரியற மாதிரி இதைப் பத்திச் சொல்லு, ஃபெர்கஸ்."

ஃபெர்கஸ் குண்டை விரல் நுனியில் நிறுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆகா. என்ன அழகு பாரு. இது முழுத் தாமிரம். கெட்டிக் குண்டு. எலும்பை உடைச்சுக்கிட்டுப் போகும், உடையாது."

"அப்போ நல்ல குண்டு."

"எல்லாமே நல்ல குண்டுதான், இடத்தைப் பொறுத்து. குண்டு உள்ள போனா மட்டும் மிருகம் விழாது, ஹெஸ்டர். உள்ள போனதும் இப்படி மலரணும். மலர்றதுக்கு வேகம் வேணும். துப்பாக்கியை விட்டுக் கிளம்பறப்போ எல்லா குண்டும் வேகமாத்தான் கிளம்பும். தூரம் போகப் போக காத்து அதைப் பிடிச்சு இழுக்கும். அறுநூறு மீட்டர் தாண்டறப்போ களைச்சுப் போயிடும். அந்த மாதிரி தூரத்துக்கு மெல்லிசுத் தோல் போட்ட ஈயக் குண்டு வேணும். அது மெதுவா வந்து சேர்ந்தாலும் மலரும்."

"அதையே கிட்டக்கச் சுட்டா?"

"நொறுங்கிப் போயிடும். மேல்சதையைக் கிழிச்சிட்டு நின்னுடும். இந்தத் தாமிரம் அதுக்கு நேர் எதிர். கிட்டக்கச் சுட்டா ரோஜாப்பூ. அவ்வளவு தூரத்துலேர்ந்து சுட்டா மொட்டு. ஊசி மாதிரி உள்ள போகும், அவ்வளவுதான்."

ஹெஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலணிகளைப் பார்த்தேன்.

"கல்லம் எதை வாங்கினார்?"

"மெல்லிசு ஈயம். ஒரு மத்தியானம் பூரா இங்க உக்காந்து, என் சீஸ் ரோல் ரெண்டையும் தின்னுட்டு, ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து அதைத்தான் வாங்கினார். சரியான தேர்வு. ஆனா அவர் துப்பாக்கி இருக்கே, பழைய மேக்னம், கோவேறு கழுதை மாதிரி உதைக்கும். அதை மாத்துங்கன்னேன், கேக்கல."

"இந்தத் தாமிரத்தை இங்க யாரு வாங்கறா?"

ஃபெர்கஸ் தயங்கினார். பொய் சொல்ல வராத மனுஷன். "இப்போ வாங்கறது ரிப்பெக்கா மட்டும்தான். ஈயம் மிருகத்தோட குடல்ல தங்கிடும், மலையில கிடக்கற அதைக் கறி தின்னற கியாக் கிளிங்க கொத்தித் தின்னுட்டுச் சாகுதுங்கன்னு சொல்லுவா. அவ ஈயம் தொட்டு வருஷக்கணக்காச்சு."

வண்டியில் ஏறியதும் ஹெஸ்டர் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டார். "குண்டு ரிப்பெக்காவோடது. பக்கத்துலேர்ந்து சுட்டது. ஸ்டராக் சந்தேகப்பட்டது சரிதான். நீ ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டறே?"

"ரோட்ல பனி இருக்கு, பாஸ்."

"பனி எல்லாம் காலையிலயே உருகிடுச்சு."

"என் மனசுல இருக்கு," என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை.

*

கல்லம் ராத்போன் கதவைத் திறந்த வேகத்திலேயே, யாராவது வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. சமையலறையில் எங்களை உட்கார வைத்து டீ ஊற்றினார். ஸ்டராக் சொன்னது மிகையில்லை. என் சாஸரில் ஒரு வாத்து நீந்தலாம்.

"அந்தக் கடாவைப் பத்திச் சொல்லுங்களேன்," என்றார் ஹெஸ்டர்.

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி ஆரம்பித்தார். மேட்டில் அவர் மட்டும் படுத்திருந்தார், கையில் ரேடியோ. ரிப்பெக்கா கடாவைக் கண்காணிக்கப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பாறைகளுக்கு அடியில் போயிருந்தாள். காற்று இடமிருந்து வந்தது. கடா வெயிலுக்காகத் திட்டில் வந்து நின்றது. "இப்போ சுடறேன்" என்று ரேடியோவில் சொன்னார்.

"சுட்டேன். விழுந்துச்சு."

"விழறதைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? என் தொலைநோக்கி வழியாவே பார்த்தேன். முதல்ல முன்னங்கால் மடிஞ்சுது. பிடரி மயிர் அப்படியே காத்துல பிரிஞ்சுது. கொம்பு பாறையில இடிச்சு, ஒரு தடவை உருண்டு, அப்படியே நின்னுது. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

எனக்கு டீ புரையேறியது. ஹெஸ்டர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தேவைக்கு மேல் பலமாகவே தட்டினார்.

"என்ன டிப்பெனே? சொல்லேன்."

"ஒண்ணுமில்ல பாஸ்."

"நீ ஒண்ணுமில்லேன்னு சொல்றப்போதான் ஏதாவது இருக்கும்."

வேறு வழியில்லை. "அந்தத் துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும்னு ஃபெர்கஸ் சொன்னாரே. நான் அந்த மாதிரி ஒண்ணைச் சுட்டிருக்கேன். விசையை அமுக்கின அடுத்த நொடி தொலைநோக்கியில வானம்தான் தெரியும். குழலைத் திரும்ப இறக்கிப் பார்க்கறதுக்குள்ள மிருகம் விழுந்து முடிஞ்சிருக்கும். முன்னங்கால் மடியறதை, பிடரி பிரியறதை எல்லாம் பார்க்க முடியாது." நிறுத்தினேன். பிறகு சொல்லித்தான் ஆகவேண்டும் என்று சொன்னேன். "துப்பாக்கி வெடிச்சிருந்தா."

கல்லம் எழுந்து, அடுப்பு மாடத்தில் சர்க்கரை ஜாடிக்குப் பின்னால் கை விட்டு, ஒரு தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். சுடப்படாத, முழுத் தோட்டா. மெல்லிசு ஈயம்.

"பாதுகாப்புப் பூட்டை எடுக்க மறந்துட்டேன்," என்றார். "விசையை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்ல. அங்க கடா விழுந்துடுச்சு. ஒரு நிமிஷம் நான்தான் கடவுளோன்னு நெனச்சுட்டேன்."

ஹெஸ்டர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். நான் அடக்கவில்லை. கிழவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு அது சிரிப்பால் வந்த தண்ணீர்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"ரேடியோல அந்தப் பொண்ணு குரல். 'விழுந்துட்டான் மாமா, அருமை'ன்னா. அவ சொன்ன சந்தோஷத்துல வாயே திறக்க முடியல. கீழ வந்தப்புறம் சங்கத்து ஆளுங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் சொல்லலாம்னு பார்த்தா கோப்பைங்கறாங்க. இப்போ நான் வாயைத் திறந்தா, அப்போ யாரு சுட்டதுன்னு கேப்பாங்க. அவ பொழப்பு போயிடும். திறக்காம இருந்தா, நான் சுடாத கடாவுக்குக் கோப்பை வாங்கிட்டுப் போய்ச் சேர்ந்தவன் ஆவேன். நீ துப்பறியறவதானே, ஹெஸ்டர்? இதுலேர்ந்து வெளிய வர வழியையும் துப்பறிஞ்சு சொல்லேன்."

"அதுக்குத் தனிக் கட்டணம்," என்றார் ஹெஸ்டர். ஆனால் எழும்போது கிழவரின் நடுங்கும் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

ரிப்பெக்கா வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய தகர டிரம்மில் கல்லமின் கடாத் தலை வெந்துகொண்டிருந்தது. மண்டை ஓட்டைச் சுத்தம் செய்யும் வேலை. கையில் நீளமான கம்போடு கிளறிக்கொண்டிருந்தாள். நாங்கள் இறங்கி நான்கு எட்டு வைப்பதற்குள், கூரையிலிருந்து ஒரு கியாக் கிளி எங்கள் வண்டி மேல் இறங்கி, வைப்பர் ரப்பரை உருவ ஆரம்பித்தது.

"உன் கூட்டாளிங்களை அடக்கி வை," என்றேன்.

"அவங்க ஈயம் திங்கறதுக்கு ரப்பர் திங்கலாம், அண்ணே," என்றாள். பிறகு ஹெஸ்டர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தாள். கம்பைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சிடுச்சா?"

"பாறைக்கு அடியில நீ எவ்வளவு பக்கத்துல இருந்தே?" என்றார் ஹெஸ்டர்.

"கல்லெறியற தூரம். சத்தத்தை அடக்கற குழல் மாட்டியிருந்தேன். காதுல ரேடியோ, பக்கத்துல அருவி இரைச்சல்; மேட்டுல வெடிச்சா எனக்குக் கேக்காது. மாமா 'சுடறேன்'னார். கடா அப்படியே நின்னுது. எங்கயோ பாதி பட்டிருக்குன்னு பயந்து நான் சுட்டேன்."

"பாதியும் படல. அவர் துப்பாக்கி வெடிக்கவே இல்ல. பூட்டை எடுக்கல."

ரிப்பெக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. "அடக் கிழவா," என்றாள் மெதுவாக. "நான் அருமைன்னு வேற சொன்னேனே."

"ஏம்மா இந்த வேலை?" என்று நான் கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், கெஞ்சுவது போல வந்தது. "தப்பினா தப்பட்டும். உனக்கென்ன?"

"தப்பினா எனக்கு ஒண்ணுமில்ல, அண்ணே. கடா ஓடிடும், பொழைச்சுக்கும். பாதி பட்டா? எல்லாரும் தூரத்தைப் பார்த்துத்தான் குண்டு வாங்கறாங்க. எத்தனை மீட்டர், எத்தனை மீட்டர்னு. ஒரு கடாவை அந்த மாதிரிப் பார்த்துட்டேன். போதும். இப்போ யாரைக் கூட்டிட்டுப் போனாலும் நான் கீழ போய்ப் படுத்துப்பேன். அவங்க சரியா சுட்டா நான் விரலைக்கூட அசைக்க மாட்டேன்."

"எத்தனை தடவை விரலை அசைக்காம இருந்திருக்கே?" என்றார் ஹெஸ்டர்.

அவள் கம்பை எடுத்து டிரம்மைக் கிளற ஆரம்பித்தாள்.

வண்டிக்குத் திரும்பியதும் நான் கதவை அறைந்து சாத்தினேன். "பாஸ், ஸ்டராக்கிட்ட ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலேன்னு சொல்லிடலாம். நமக்குத் தோல்வி புதுசில்ல."

"முழுசாச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அவ என் தங்கச்சி."

"தெரியும். அதனாலதான் முழுசாச் சொல்லணும்," என்றார் ஹெஸ்டர். எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவரோடு வழி நெடுகப் பேசாமல் வந்தேன். தூறல் பிடித்துக்கொண்டது; ரப்பர் போன வைப்பரின் வெறும் கம்பி கண்ணாடியைக் கீறிக்கொண்டே வந்தது.

*

சங்கக் கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நீள மேசைகளில் சீஸ் ரோல்கள், வரையாட்டுக் கறி, கிரீம் வழியும் பாவ்லோவா கேக். ஹெஸ்டருக்காக யாரோ ஒரு கிண்ணம் வேகவைத்த பட்டாணியைத் தனியாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டார்கள். ரிப்பெக்கா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். துரத்தினால் சீக்கிரம் எழுந்து போகலாம் என்று அங்கே உட்கார்ந்தாளோ என்னவோ.

ஸ்டராக் எழுந்து கரண்டியால் கிளாஸைத் தட்டினார். அவர் பேசுவதற்குள் கல்லம் எழுந்துவிட்டார்.

"பாய்ட், கோப்பையை இறக்கி வை. அந்தக் கடாவை நான் சுடல. என் துப்பாக்கி வெடிக்கவே இல்ல." தோட்டாவை மேசையில் வைத்தார். "இவ்வளவு நாள் சொல்லாததுக்கு மன்னிச்சிடுங்க. எல்லாரும் ரொம்ப அன்பா கட்டிப் பிடிச்சீங்க, எனக்கு விட மனசு வரல."

ஸ்டராக்கின் கண் நேராகக் கதவோரம் போனது. "ஹெஸ்டர், கண்டுபிடிச்சதைச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஹெஸ்டர் எழுந்தார். "ஃபெர்கஸ் சொன்னதைத்தான் சொல்றேன். தாமிரக் குண்டு கிட்டக்கச் சுட்டா பூவா மலரும், தூரத்துலேர்ந்து சுட்டா மொட்டாவே இருக்கும். கல்லமோட கடாவுல இருந்தது முழுசா மலர்ந்த தாமிரம். பக்கத்துலேர்ந்து ரிப்பெக்கா சுட்டது."

"கேட்டீங்களா?" என்றார் ஸ்டராக். "இந்த நிமிஷத்துலேர்ந்து..."

"நான் இன்னும் முடிக்கல," என்று ஹெஸ்டர் சுவர்ப் பக்கம் நடந்தார்.

அங்கே தேக்கு நிறப் பலகை ஒன்றில், ஒவ்வொரு வருடமும் கோப்பை வென்றவர் பெயரும், அதன் கீழே அவருடைய கடாவிலிருந்து எடுத்த குண்டும் கம்பியால் கட்டப்பட்டிருக்கும். நானே எத்தனையோ முறை பார்த்த பலகைதான். இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கடைசி மூன்று குண்டுகளும் தாமிரம். மூன்றும் அடி வரை இதழ் விரித்த பூக்கள்.

"நீங்க மூணு பேரும் ஈயக் குண்டுதான் சுட்டிருப்பீங்க, இல்லையா?" என்று ஹெஸ்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்க கையில தாமிரம் வந்தப்போ ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையா?"

கோப்பை வென்ற மூவரும் கறித் தட்டில் எதையோ தேடினார்கள். கடைசியில் ஒருவர் முணுமுணுத்தார். "அழகா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. ஸ்டராக் மட்டும் பலகை அருகே போய் முதல் குண்டைப் பார்த்தார். அவருடையது. அதுவும் தாமிரம்தான், ஆனால் மூக்கு நுனி லேசாகப் பிளந்ததோடு சரி. மொட்டு.

"இத்தனை வருஷமா இது மலரலையேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணீங்க," என்றார். "ரொம்ப வேகமாப் போனதால மலர நேரமில்லேன்னு நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"வேகமில்ல பாய்ட், மெதுவாப் போயிருக்கு," என்றார் ஃபெர்கஸ். "கடையிலயே விலை அதிகமானதுன்னு கேட்டு வாங்கினே. தூரத்துக்கு வேண்டாம்னு நான் சொன்னேன்."

"மெதுவாவே போகட்டும். அப்போ இது உண்மையாவே தூரத்துலேர்ந்து பட்ட குண்டு." ஸ்டராக்கின் முதுகு நிமிர்ந்தது. குரலில் மறைக்க முடியாத பெருமை. "இந்தக் கூடத்துல உண்மையா அடிச்சவன் நான் ஒருத்தன்தான்."

"ஆமா," என்றார் ஹெஸ்டர். "நீங்க ஒருத்தர்தான். அந்த வருஷம் உங்களைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

ஸ்டராக் திரும்பினார். ரிப்பெக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம், ஹெஸ்டர்," என்றாள்.

"என்ன வேண்டாம்?" என்றார் ஸ்டராக். "என் கடாவுக்கு என்ன? சுட்டதும் முகட்டுக்கு அந்தப் பக்கம் சாஞ்சுது. விழுந்துடுச்சு, போய் எடுத்துட்டு வரேன்னு நீதானே சொன்னே?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க," என்றாள் ரிப்பெக்கா. "அதனால சொன்னேன். அது விழல, பாய்ட். செங்குத்துப் பாறைக்குள்ள இறங்கிப் போயிடுச்சு. ரத்தம் சொட்டுச் சொட்டாத்தான் இருந்துச்சு. தொடர்ந்து போனேன். மூணாவது நாள்தான் கிட்டப் போக முடிஞ்சுது. உயிரோட இருந்துச்சு. எழுந்திரிக்க முடியல, என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு."

"பனிமூட்டத்துல மாட்டிக்கிட்டேன்னு சொன்னியே."

"பனிமூட்டமும் இருந்துச்சு."

சிரித்தவர்கள் கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். கணப்பில் கட்டை ஒன்று சரிந்தது.

"குண்டு ஊசி மாதிரி வயித்து வழியாப் போய்ப் பின்தொடையில நின்னிருந்துச்சு," என்றாள் அவள். "வலியைத் தவிர அது வேற ஒண்ணும் செய்யல. அதுக்கப்புறம்தான் நான் கீழ போய்ப் படுக்க ஆரம்பிச்சேன். என் அனுமதியை எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. எடுக்காம விட்டாலும் நான் கீழதான் போய்ப் படுப்பேன்."

பாய்ட் ஸ்டராக்கை எனக்குப் பிடிக்காது. ஆனால் அப்போது அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். அந்தக் கடாவின் தலை அவர் வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கிறது. வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டி முதல் கிளாஸை ஊற்றுவார். நல்ல வேட்டைக்காரன் என்று தன்னைப் பற்றி அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

மேசையிலிருந்து ஒரு வெண்ணெய்க் கத்தியை எடுத்தார். பலகையில் தன் குண்டைக் கட்டியிருந்த கம்பியை நெம்பினார். கத்தி வழுக்கியது, மறுபடி நெம்பினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. குண்டு கையில் விழுந்ததும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவே நடந்து, கதவோரம் ரிப்பெக்காவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை தலைமை மேசையிலேயே கிடந்தது.

நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். ஹெஸ்டர் பட்டாணியைக் கரண்டியில் எடுத்தவர் வாயில் போடவில்லை.

"அடுத்த ஜூன்ல எனக்கு ஒரு வாரம் ஒதுக்கு, ரிப்பெக்கா," என்றார் ஸ்டராக். குரல் கரகரத்தது. "நான் மேட்டுல இருப்பேன். நீ கீழயே இரு."

"குண்டு?"

"ஃபெர்கஸ்கிட்ட உக்காந்து கேட்டு வாங்கறேன்."

ரிப்பெக்கா கறிப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.